டிவியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை

கேள்வி: மேடம், நான் தண்டையார்பேட்டை. பெயர் வேண்டாம். வயது 47, வீட்டிலேயே தையல் வேலை. கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் மூன்று நாள்தான் வீட்டில் இருப்பார். பையனுக்கு 20 வயது, காலேஜ் இரண்டாம் வருடம். பெண் பதினொன்றாவது படிக்கிறாள். லைன் வீட்டில் எங்களிடம்தான் பெரிய டிவி என்பதால் இரவு எட்டரை மணி டப்பிங் சீரியலுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் வந்துவிடுவார்கள், ஒன்றரை வருடமாக இது நடக்கிறது. போன மாதம் அந்தக் கதையில் வீட்டின் மூத்த பிள்ளை கூட வேலை செய்யும் இன்னொரு பையனைக் காதலிப்பதாகக் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தோம். ஒருத்தி ‘ஒன்பது’ என்றாள். நான், “என் வயித்துல இப்படி ஒண்ணு பொறந்திருந்தா கழுத்த நெரிச்சிருப்பேன்” என்று சொன்னேன், சும்மா பேச்சுக்குத்தான். எங்கள் சீரியல் வாட்ஸ்அப் க்ரூப்பிலும் (ஆரம்பித்துக் கொடுத்ததே பையன்தான், அவனும் அதில் இருக்கிறான்) அதையே வாய்ஸ் மெசேஜாகப் போட்டேன். பையன் அப்போது பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், ஒரு தோசையை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து எட்டரைக்கு முன்னாலேயோ பத்து மணிக்கு மேலேயோதான் சாப்பிடுகிறான், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெண்ணோ நேர் எதிர், அந்த ரெண்டு பேர்தான் அவளுக்கு உயிர், பாட்டு போட்டு வீடியோ செய்கிறாள், கமெண்டில் ஊரெல்லாம் சண்டை பிடிக்கிறாள். “அம்மா, அன்னிக்கு நீ என்ன பேசினேன்னு உனக்குத் தெரியுதா?” என்று கேட்டாள், அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறாள். என் பையன் அப்படியா மேடம்? நேராகக் கேட்டுவிடட்டுமா? இதையெல்லாம் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா, சீரியலை நிறுத்திவிடலாமா? பக்கத்து வீட்டு அக்கா கீழ்ப்பாக்கத்தில் கொண்டுபோய்க் காட்டு என்கிறார். ராத்திரி தூக்கம் வரவில்லை.

பதில்: உங்களை அக்கா என்றே கூப்பிடுகிறேன், உங்களைவிட எனக்கு மூன்று வயது குறைவு, நானும் நாலு தெரு தள்ளிப் பழைய வண்ணாரப்பேட்டையில்தான் ஆலோசனை அறை வைத்திருக்கிறேன். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலைந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த ஒரு தோசை. எத்தனை வீட்டில் பிள்ளை பாதியில் எழுந்து போனதே யார் கண்ணிலும் படுவதில்லை. நீங்கள் பார்த்தீர்கள், ஒரு மாதம் கழித்தும் ஞாபகம் வைத்து எழுதுகிறீர்கள். அந்தக் கண் உங்களுக்கு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மற்றதையெல்லாம் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில், கேட்காதீர்கள். “நீ அப்படியாடா?” என்று நேராகவும் கேட்க வேண்டாம், தங்கச்சியை விட்டும் கேட்க வேண்டாம், அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து போனை எடுத்துப் பார்க்கவும் வேண்டாம். அவன் தன்பாலீர்ப்பு உள்ளவனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவனுடைய நெருங்கிய நண்பன் ஒருவன் அப்படி இருந்து, அந்த நண்பனை நினைத்து அவனுக்கு மனசு வலித்திருக்கலாம். எதுவுமே இல்லாமல், தன் அம்மா வாயிலிருந்து கழுத்தை நெரிப்பேன் என்று வந்ததே அவனுக்குத் தாங்காமல் போயிருக்கலாம். ஒரு கடிதத்தை வைத்து நானும் சொல்ல முடியாது, வேறு யாராலும் சொல்ல முடியாது, யாராவது சொல்கிறேன் என்றால் நம்பாதீர்கள். ஆனால் ஒன்று, இதில் எதுவாக இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றேதான். அதனால் தெரிந்துகொண்டு அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்கத் தேவையே இல்லை.

ஏன் கேட்கக் கூடாது என்கிறேன் என்றால், இப்போது கேட்டால் அவன் காதில் விழுவது உங்கள் கேள்வி இல்லை, போன மாதம் நீங்கள் சொன்ன பதில். அதை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் ஆமாம் என்று சொல்லாது. இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வான், நீங்களும் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள், அவன் மட்டும் முழித்துக்கொண்டிருப்பான்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பது தாண்டியவர், நல்ல வேலை, எண்ணூர் பக்கம். பன்னிரண்டு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் சங்கரா மீன் குழம்பு, டிவியில் ஏதோ காமெடி, ஓர் ஆள் பெண் மாதிரி நெளிந்து நடக்கிறார், அப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “இவனுங்கள எல்லாம் தூக்கிக் கடல்ல போடணும்” என்கிறார். அவ்வளவுதான். அந்த அப்பா மகனை ஒரு நாள் அடித்ததில்லை, கடன் வாங்கிப் படிக்கவைத்தவர், அன்றைக்குச் சொன்னதை அடுத்த நிமிடமே மறந்திருப்பார். மகனுக்கோ இருபது வருடம் கழித்து அப்பா கட்டியிருந்த நீலக் கட்டம் போட்ட லுங்கி ஞாபகம் இருக்கிறது, ஃபேன் கிறீச்சிட்ட சத்தம் ஞாபகம் இருக்கிறது. தன்னைப் பற்றித் தனக்கே சரியாகத் தெரியாத வயதில் கேட்ட வார்த்தை அது. அப்பா இப்போது உயிரோடு இல்லை. “அப்பா என்கிட்ட சொல்லல மேடம், டிவிகிட்டதான் சொன்னாரு. ஆனா டிவிக்குக் காது இல்லையே” என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இதுதான் அக்கா நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. சீரியல் பாத்திரத்தைப் பற்றி நாம் பேசுகிற பேச்சுக்குக் கணக்கே இல்லை, வில்லியைச் சபிக்கிறோம், மாமியாரைத் திட்டுகிறோம், அந்த நடிகைக்கு வலிக்கப் போவதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும், டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவருக்கு அது தன்னைப் பற்றிய பேச்சாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு, அது யார் என்று நமக்கு முகத்தைப் பார்த்துத் தெரியாது. உங்கள் பையன் இல்லை என்றால், அன்றைக்கு உங்களோடு சேர்ந்து சிரித்த மூன்று பெண்களில் ஒருத்தியின் பிள்ளையாக இருக்கலாம். அந்த மூன்று பேரில் ஒருத்தியாகக்கூட இருக்கலாம், கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம்.

உங்கள் வீட்டில் ஒருத்தர் சிரித்து, ஒருத்தர் எழுந்து போய், ஒருத்தி கொண்டாடி, இப்படி மூன்று விதமாக ஆனது உங்கள் வீட்டு விசேஷம் என்று நினைக்காதீர்கள். எந்த ஊர் சீரியலில் இந்தக் கதை வந்தாலும் இதேதான் நடந்திருக்கிறது. லண்டனில் பிபிசி நடத்தும் ஈஸ்ட்எண்டர்ஸ் என்ற தொடர் கிழக்கு லண்டனில் நடக்கிற கதை, நம்ம வடசென்னை மாதிரி துறைமுகமும் கூலி வேலையும் குறுகலான தெருவுமாக வளர்ந்த பகுதி அது. அதில் 1987-ல் காலின் என்ற பாத்திரம் தன் காதலனின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தது, நெற்றியில்தான், அதற்கே அங்கே பத்திரிகைகள் குதித்தன, நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. அந்த வேடத்தில் நடித்த மைக்கேல் கேஷ்மேன் பின்னால் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார், அது வேறு கதை. அமெரிக்காவில் 1956-லிருந்து ஓடிய ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ் என்ற பகல் நேரத் தொடரில் 2007 ஆகஸ்ட் 17-ம் தேதி லூக், நோவா என்ற இரண்டு இளைஞர்கள் முத்தமிட்டுக்கொண்டார்கள். பார்த்தவர்களில் ஒரு பக்கம் எதிர்ப்பு. இன்னொரு பக்கம் பெரிய ரசிகர் கூட்டம், அதில் நிறைய பெண்கள். அப்புறம் ஒரு கட்டத்தில் மாதக்கணக்கில் அந்த ஜோடியைக் கட்டிப்பிடிப்பதோடு நிறுத்திவைத்தபோது, மற்ற ஜோடிகளுக்கு மட்டும் எல்லாம் உண்டு, இவர்களுக்கு ஏன் இல்லை என்று நாள் எண்ணி எழுதிக் கேட்டவர்கள் அவர்கள்தான். உங்கள் மகள் கமெண்டில் பிடிக்கும் சண்டை அவள் கைக்குழந்தையாவதற்கு முன்பே தொடங்கிய சண்டை.

பிரேசில் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே இரவுத் தொடர் ஓடும் நேரத்தில் ஊரே டிவி முன்னால் இருக்கும், நம்ம மாதிரிதான். 2005-ல் குளோபோ டிவியின் அமெரிக்கா என்ற தொடரின் கடைசி நாளுக்கு இரண்டு ஆண்களின் முத்தக் காட்சியைப் படமாக எடுத்துவிட்டு, ஒளிபரப்பாமல் வெட்டிவிட்டார்கள், காத்திருந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். அப்புறம் 2013-ல் அமோர் ஆ விடா என்ற தொடர் வந்தது. அதில் ஃபெலிக்ஸ் என்ற பாத்திரம் ஆரம்பத்தில் படு வில்லன், சொந்தத் தங்கையின் கைக்குழந்தையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருகிறவன். மகன் தன்பாலீர்ப்பாளன் என்பதை ஏற்க முடியாத அப்பா, அந்த வெறுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. மாதக்கணக்கில் தினமும் பார்த்துப் பார்த்து, அவன் விழுந்து எழுந்து மாறுவதைக் கூடவே இருந்து பார்த்த ஜனங்கள், கடைசியில் அவனையும் நிக்கோ என்பவனையும் சேர்த்துவையுங்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். 2014 ஜனவரி 31-ம் தேதி கடைசி நாள் முத்தக் காட்சி வந்தபோது கோல் விழுந்த மாதிரி கத்திக் கொண்டாடினார்கள். ஆனால் தொடர் அந்த முத்தத்தோடு முடியவில்லை அக்கா. கடைசிக் காட்சியில் உடம்பு விழுந்துபோன அந்த அப்பாவைக் கடற்கரையில் உட்காரவைத்துப் பக்கத்தில் மகன் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் மேல் எனக்குப் பாசம் அப்பா என்கிறான். எனக்கும் உன் மேல் பாசம்தான் என்று அவர் சொல்கிறார், அதைச் சொல்ல அவருக்கு ஒரு தொடர் முழுக்க ஆகிவிட்டது. நான் அந்தக் காட்சியை மொழி புரியாமலேயே பார்த்து அழுதேன். (அடுத்த வருடமே அதே டிவியில் பாபிலோனியா தொடரில் எண்பது தாண்டிய இரண்டு மூத்த நடிகைகள் முதல் நாளே முத்தமிட்டபோது புறக்கணிப்புப் பிரச்சாரம் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஒரு தடவை மாறினால் ஊர் மொத்தமாக மாறிவிட்டது என்று அர்த்தமில்லை.)

நம் நாட்டிலும் 2010-ல் ஸ்டார் பிளஸில் மர்யாதா என்ற இந்தித் தொடரில் திருமணமான ஓர் ஆண் இன்னொரு ஆணை நேசிக்கும் கதை வந்திருக்கிறது. எனவே உங்கள் சீரியல்காரர்கள் வானத்திலிருந்து எதையும் இறக்கிவிடவில்லை.

பிள்ளைகள் கெட்டுப்போவார்களா என்று கேட்டீர்கள். உங்கள் மகன் மூன்று வயதிலிருந்து டிவியில் பார்த்ததெல்லாம் ஆணும் பெண்ணும் டூயட் பாடுவதுதான். எத்தனை ஆயிரம் பாட்டு, எத்தனை சீரியல் கல்யாணம். பார்த்துத்தான் ஒருவருக்கு ஆசை வரும் என்றால் ஊரில் தன்பாலீர்ப்பாளர் ஒருவர்கூட இருக்க முடியாது, அவர்கள் எல்லோரும் அந்த டூயட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. சீரியல் யாரையும் அப்படி ஆக்காது. ஏற்கெனவே அப்படி இருக்கும் ஒரு பிள்ளைக்கு, நான் மட்டும் இல்லை என்று சொல்லும். மற்றவர்களுக்கு அது செய்வது வேறு ஒன்று. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், இதில் நடப்பது தலைகீழ், பழகப் பழகப் புளிப்பு போய்விடுகிறது. நேரில் ஓர் ஆளோடு பழகினால் அவர் சார்ந்த கூட்டத்தின் மேல் உள்ள வெறுப்பு குறையும் என்று உளவியலில் ரொம்ப நாளாகவே சொல்வதுண்டு, டிவி பாத்திரத்தோடு பழகினாலும் அதேபோல் குறைகிறது என்று 2005-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். தினமும் அரை மணி நேரம் வீட்டுக்கு வந்து போகும் ஆள்தானே சீரியல் பாத்திரம், நம் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் தினமும் வருகிறார்கள்? அந்த மூத்த பிள்ளை அப்பாவின் ஆபரேஷனுக்குத் தன் வண்டியை விற்றபோது நீங்கள் நாலு பேரும் அழுததாக உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதே பையன்தான் அக்கா. அவன் மாறவில்லை, அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்கிறது. சீரியலை நிறுத்தாதீர்கள். இப்போது நிறுத்தினால் அதையும் உங்கள் பிள்ளை ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்வான்.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை பற்றி. அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், நம் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவது பழக்கம். ஆனால் தன்பாலீர்ப்பு நோய் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று எந்த டாக்டராவது மருந்தோ ஊசியோ கொடுத்தால் அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது, அப்படிச் சொல்லவைத்தது நம் சென்னை உயர் நீதிமன்றம். அந்த வழக்கை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவரையொருவர் காதலித்து வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள், மதுரைப் பக்கத்தவர்கள், பாதுகாப்பு கேட்டுச் சென்னைக்கு வந்து வழக்குப் போட்டார்கள். விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று திறந்த மனதோடு சொல்லிவிட்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துதான் 2021 ஜூன் 7-ம் தேதி உத்தரவு எழுதினார். ஒரு உயர் நீதிமன்ற நீதிபதி எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லலாம் என்றால், தண்டையார்பேட்டையில் ஓர் அம்மா சொல்வதில் என்ன குறைச்சல்? அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் இவர்களை மரியாதையாகக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்களை அரசாங்கமே 2022-ல் அரசிதழில் வெளியிட்டது. ‘ஒன்பது’ என்ற எண்ணை ஒரு மனுஷன் மேல் எறிவதற்கு இப்போது எந்தச் சாக்கும் இல்லை. ஆணும் ஆணும் நேசிப்பது சட்டப்படி குற்றமும் இல்லை, 2018 செப்டம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. கல்யாணம் செய்துகொள்ளும் உரிமை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, 2023-ல் கேட்டபோது மறுத்துவிட்டார்கள்.

ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று அடுத்ததாக யாராவது சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள், அந்தப் பேச்சைத் தொடங்கும்போதே நிறுத்திவிடுங்கள். அப்படிக் கட்டிவைத்த பிறகு என் அறைக்கு அழுதுகொண்டு வரும் பெண்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர்கள் செய்த பாவம் என்ன?

நான் தொழிலுக்கு வந்த புதிதில், 2010 வாக்கில், காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா இதே மாதிரி வந்து கேட்டார். மகன் ப்ளஸ் டூ, தன் வாயாலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா, “இப்போதைக்கு விட்டுப்பிடிங்கம்மா, வயசு போகப் போகச் சரியாயிடும்.” எனக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான், படிக்க வேண்டியதைப் படித்திருக்கவில்லை. அந்த அம்மா என்னை நம்பிச் சரியாவதற்காகக் காத்திருந்தார், இன்னும் சரியாகவில்லையா என்று மாதாமாதம் மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் பத்தொன்பது வயதில் ரயில் ஏறி மும்பை போய்விட்டான், வீட்டுக்கு வரவில்லை. அது என்னால் வந்த கஷ்டம். உங்கள் கடிதத்துக்கு நாலு வரியில் பதில் எழுதாமல் இவ்வளவு நீட்டுவது அதனால்தான்.

சரி, என்ன செய்வது? மன்னிப்பு கேட்கிறேன் என்று அவன் ரூமுக்குப் போய் அழ வேண்டாம், அவன் மேல் பாரம் ஏறும், உங்களைத் தேற்றுவது அவன் வேலையாகிவிடும். எந்த வழியாக வார்த்தை போனதோ அதே வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். டிவியைப் பார்த்துத்தானே சொன்னீர்கள், டிவியைப் பார்த்தே மாற்றிச் சொல்லுங்கள். அவன் வீட்டில் இருக்கும் நேரம், மாடிப்படியில் இருந்தாலும் போதும், இந்தச் சுவர்களுக்குள் எங்கிருந்தாலும் கேட்கும். அந்த மூத்த பிள்ளையை அவன் அம்மா திட்டும் காட்சி வரும், இல்லாமல் போகாது. அப்போது சொல்லுங்கள்: “நானும் அன்னிக்கு இப்படித்தான் பேசினேன், தப்பு. பெத்த புள்ளைய எவளாவது இதுக்காக வெறுப்பாளா? எனக்கு வந்திருந்தா உக்காரவெச்சு சோறு போட்டுட்டு அப்புறம்தான் என்னன்னு கேட்டிருப்பேன்.” இந்த வார்த்தையேதான் வேண்டும் என்றில்லை, உங்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படி. மனசில் இன்னும் முழுசாக ஏறவில்லை என்றால் ஏறிய அளவுக்கு மட்டும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு நடிப்பு உடனே தெரிந்துவிடும். “எனக்கு இது புதுசா இருக்கு, புரிஞ்சுக்கப் பாக்கறேன்” என்பதே பெரிய வார்த்தை. ஒரு தடவை சொல்லி அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்காதீர்கள், கேட்டானா கேட்டானா என்று ஆராயாதீர்கள். பத்து நாள் கழித்து வேறு ஒரு காட்சிக்கு இன்னொரு தடவை.

அந்தப் பெண்கள் சிரித்தால்? சிரிப்பார்கள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருத்தி சிரிக்காமல் இருந்தாலே மற்றவர்களின் சிரிப்பு சின்னதாகிவிடும், நீங்களே பார்ப்பீர்கள். யாராவது அந்த எண்ணைச் சொன்னால், “என் வீட்ல அந்த வார்த்தை வேணாம்க்கா, புள்ளைங்க இருக்கு” என்று சொல்லுங்கள், டிவி உங்களுடையது, வீடு உங்களுடையது. அதற்குக் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் வந்துவிடுவார்கள், கதையை விட்டுவிட்டு அவர்களால் இருக்க முடியாது.

மகளிடம் தனியாக ஒன்று பேசுங்கள். அவளுக்கு அண்ணனைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கலாம், அதைக் கேட்க வேண்டாம், “உனக்கு என்ன தெரிஞ்சாலும் அது உன்கிட்டயே இருக்கட்டும், அவன் சொல்ல வேண்டியத நீ சொல்லாத” என்று மட்டும் சொல்லுங்கள். அந்த வீடியோக்களில் ஒன்றைக் காட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். அந்த ஜோடி ஏன் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாள், அதில் உங்களுக்குத் தெரியாதது நிறைய இருக்கும். அவளுடைய ரசனையை வைத்து அவளையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடாதீர்கள்.

கணவரிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். மறைப்பதற்காக இல்லை, சொல்வதற்கு உங்களிடம் இன்னும் எதுவும் இல்லை. உங்கள் ஊகத்தை அவரிடம் சொன்னால் அடுத்த டிரிப் முடிந்து வரும்போது அவர் ஒரு முடிவோடு வருவார்.

ஒரு நாள் அவனே வந்து சொன்னால், நாலு மாதத்திலோ நாலு வருடத்திலோ, முதல் வார்த்தையில் எல்லாம் இருக்கிறது. எப்போதிலிருந்து, யார் கெடுத்தது, அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது, எனக்குப் பேரப்பிள்ளை, இதெல்லாம் அன்றைக்கு வேண்டாம். “என்கிட்ட சொன்னியே, அது போதும்” என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் அப்புறம் என்னிடம் வந்து அழுங்கள். சென்னையிலேயே ஓரினம் என்ற குழு இருக்கிறது, இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவற்றைத் தமிழிலும் வைத்திருக்கிறார்கள், படித்தால் உங்கள் மாதிரி எத்தனை அம்மாக்கள் என்று தெரியும். அவன் எதுவுமே சொல்லாமலும் போகலாம், சொல்வதற்கு எதுவும் இல்லாமலும் இருக்கலாம், அப்போதும் நீங்கள் மாற்றிச் சொன்னது வீண் இல்லை, எட்டரை மணிக்கு அந்த அறையில் அவன் உட்கார இடம் கிடைத்திருக்கும்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. சாப்பாடு, தூக்கம் ரெண்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால், காலேஜுக்குப் போவதை நிறுத்தினால், தன் பொருட்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தால், இருந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், 14416 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்று அரசாங்கம் நடத்துவது, ராத்திரி பகல் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அவனைத்தான் பேசவைக்க வேண்டும் என்றில்லை, நீங்களே பேசலாம்.

கடைசியாக அந்த வாய்ஸ் மெசேஜ். சீரியல் க்ரூப்பை ஆரம்பித்துக் கொடுத்ததே பையன்தான், அவனும் அதில் இருக்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் திக்கென்றது. ஒரு மாதமாக அது அவன் போனில் இருக்கிறது, உங்கள் குரலில், பின்னால் மற்றவர்கள் சிரிக்கும் சத்தத்தோடு. எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கும் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, உங்கள் போனில் மட்டும் அழித்துப் பயனில்லை. அதனால் அதே க்ரூப்பில் இன்னொன்று போடுங்கள். மகனுக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், அனுப்பினால் உன்னைத்தான் சந்தேகப்படுகிறேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். மிஷினை நிறுத்திவிட்டு, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அரை நிமிடம் போதும்: போன மாசம் அந்தப் பையனப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, எந்தப் புள்ளையும் எந்த அம்மா வாயிலேர்ந்தும் அதக் கேக்கக் கூடாது, இனிமே க்ரூப்ல யாரும் அப்படிப் பேச வேணாம். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். பேசி முடித்ததும் விரலை எடுத்துவிடுங்கள், தானாகப் போய்விடும், திரும்பப் போட்டுக் கேட்க உட்கார்ந்தால் அழித்துவிடத் தோன்றும்.